அச்சிட்ட உலோகப் பாகத்தின் சொரசொரப்பு: பேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்துத் தொழில் செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஓர் இயந்திரத்துக்கான மேனிஃபோல்டு பிளாக்கை, வாடிக்கையாளர் கொடுத்த வரைபடத்தின்படி, 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூளில் லேசரால் அச்சிட்டு வெளியூரிலிருந்து வாங்கியிருக்கிறார். அதன் உள்ளே 6 மில்லிமீட்டரிலும் 8 மில்லிமீட்டரிலும் எண்ணெய்ப் பாதைகள் வளைந்து செல்கின்றன. வரைபடத்தின் மூலையில் ‘எல்லா முகங்களும் ஆர்ஏ 1.6’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. ஆர்ஏ என்பது முகத்தின் மேடுபள்ளம் சராசரியாக எவ்வளவு என்பதை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், சொல்லும் எண். வந்த பாகத்தை அளந்தால் மேல்முகத்தில் 7 மைக்ரான், பக்கச் சுவரில் 9, சாய்ந்த அடிமுகத்தில் 20-க்கும் மேல். ஊரிலேயே ஓரிடத்தில், மணலையோ குண்டுகளையோ வேகமாக அடித்துத் தேய்க்கும் பிளாஸ்டிங் கொடுத்ததில் எல்லாம் 6 மைக்ரான் அளவுக்கு இறங்கியது. ஆனால் பத்தே நாளில் துருப்புள்ளிகள் தோன்ற, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ‘எந்த பாலிஷ் போட்டால் 1.6 வரும்?’ என்று கேட்கிறார்.

தம்பி, எந்த பாலிஷ் என்பது நீங்கள் இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் கையில் இருப்பது எந்தச் சொரசொரப்பு என்பதே முதல் கேள்வி. லேத்தில் கடைந்த பாகத்தில் சொரசொரப்புக்கு ஒரே காரணம்தான் பெரும்பாலும் இருக்கும்: உளி நகர்ந்த தடம். ஃபீடைக் குறைத்தால், உளிமுனையின் ஆரத்தைக் கூட்டினால், அது சீராகிவிடும். தூள் படுக்கையில் லேசரால் உருக்கிக் கட்டிய பாகத்திலோ மூன்று தனித்தனிக் காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குச் சேராது. எல்லாவற்றையும் ஒரே எண்ணாக அளந்து, ஒரே வேலையால் தீர்க்கப் பார்ப்பதில்தான் பணம் கரைகிறது.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பாகத்தைப் பிடித்துப் பாருங்கள். பக்கச் சுவரில் முறுக்கின் முதுகில் எள் ஒட்டியிருப்பதுபோல உருண்டை உருண்டையாக மணிகள் தெரியும். அவை பாதி உருகி ஒட்டிக்கொண்ட தூள். இந்த முறையில் பயன்படும் தூளின் பருமன் பொதுவாக 15 முதல் 45 மைக்ரான் வரை இருக்கும். லேசர் உருக்கிய குட்டைக்குப் பக்கத்தில் கிடந்த மணிகள் முழுதும் உருகாமல், சுவரோடு கழுத்தளவில் மட்டும் பற்றிக்கொள்கின்றன. நகத்தால் அழுத்திக் கீறினால் சில உதிர்ந்து, உள்ளங்கையில் சாம்பல் நிறத் தூசியாக நிற்கும்.

சாய்ந்த முகத்தைப் பார்த்தால் மணிகளுக்கு அடியில் கோயில் குளத்துப் படிக்கட்டுபோல வரிகள் தெரியும். இது இரண்டாவது காரணம். அடுக்கடுக்காகக் கட்டுவதால் சாய்வு எல்லாம் படியாகவே வருகிறது. இதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். அடுக்கின் தடிமன் 40 மைக்ரான், முகம் கிடைமட்டத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கிறது என்றால், சாய்ந்த முகத்துக்குச் செங்குத்தாகப் படியின் ஆழம் 40-ஐ 45 பாகையின் கொசைனால் பெருக்கிய 28 மைக்ரான். படிகளை முக்கோணப் பற்களாகக் கொண்டால் ஆர்ஏ அதில் கால் பங்கு, அதாவது 7. அதே முகம் 80 பாகைக்கு நிமிர்ந்து நின்றால் ஆழம் 7, ஆர்ஏ 2-க்கும் கீழே. 15 பாகையில் கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தால் ஆழம் 39, ஆர்ஏ ஏறக்குறைய 10. இந்தக் கணக்குப்படி செங்குத்துச் சுவரில் படியே இருக்கக் கூடாது. ஆனாலும் உங்கள் பக்கச் சுவரில் 9 மைக்ரான் காட்டுகிறது என்றால், அதில் பெரும்பங்கு ஒட்டிய தூளே என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, அடிமுகத்தில் கட்டிகட்டியாகத் தொங்கும் கசடு. கீழே கெட்டி உலோகம் இருக்கும் இடத்தில் லேசரின் வெப்பம் அதன் வழியாக இறங்கிவிடும். பாகம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்திலோ கீழே இருப்பது தளர்ந்த தூள். தூள் வெப்பத்தை மோசமாகவே கடத்தும். அதனால் உருகிய குட்டை தேவைக்கு மேல் ஆழமாக இறங்கி, அடியிலுள்ள தூளையும் சேர்த்து உருக்கி, சொட்டுச் சொட்டாக உறைந்துவிடுகிறது. 45 பாகைக்குக் கீழே சாயும் அடிமுகங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அச்சிடுகிறவர்கள் சொல்வது இதனால்தான். அந்த முட்டுகளை உடைத்து எடுத்த இடங்களில் தழும்பும் நிற்கும். உங்கள் 20 மைக்ரான் இந்த வகை.

ஆகவே சொரசொரப்பில் பாதிக்கு மேல், பாகத்தைப் படுக்கையில் எந்தப் பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அடுத்த ஆர்டரில் அச்சிடுகிறவரிடம் ஃபைலை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எந்த முகம் முக்கியம், எந்த முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று குறித்துக் கொடுங்கள்; முக்கியமான முகம் நிமிர்ந்தோ மேல்நோக்கியோ வரும்படி வைக்கச் சொல்லுங்கள். வெளிக்கோட்டை லேசர் தனியாக ஓட்டும் கான்டூர் ஓட்டம் இருக்கிறதா, அடிமுகத்துக்குத் தனி அளவுகோல்கள் வைத்திருக்கிறாரா, திரும்பப் பயன்படுத்தும் தூளை ஒவ்வொரு முறையும் சலிக்கிறாரா என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்கிற வாடிக்கையாளரின் வேலையில் கூடுதல் கவனம் இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுக்கை மெல்லிசாக்கச் சொல்லலாமே என்று தோன்றும். பத்தமடையில் பட்டுப்பாய் நெய்கிறவர்கள் கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ, அவ்வளவுக்குப் பாய் துணிபோல மடங்கும். அந்த அளவுக்கு நாளும் கூடும், விலையும் கூடும். இங்கும் அதே நியாயம்தான். 40 மைக்ரான் அடுக்கை 20 ஆக்கினால் படியின் ஆழம் பாதியாகும், அடுக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும், மெஷின் நேரமும் ஏறக்குறைய அப்படியே ஏறும். ஆனால் ஒட்டிய தூள் பாதியாகாது. ஆகவே சாய்ந்த முகங்கள் நிறைய இருக்கும் பாகத்துக்கு அது பலன் தரும். உங்கள் பிளாக்கைப் போல நேர்முகங்களே பெரும்பான்மையாக உள்ள பாகத்துக்கு, அந்தப் பணத்தை மெஷினிங்கில் போடுவதே நல்லது.

அளவெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொரசொரப்பு அளக்கும் கையடக்கக் கருவியில் கட்-ஆஃப் நீளம் என்று ஓர் அமைப்பு உண்டு; அதைவிட நீண்ட அலைகளைக் கருவி சொரசொரப்புக் கணக்கில் சேர்க்காது. பெரும்பாலான பட்டறைகளில் அது 0.8 மில்லிமீட்டரிலேயே நிற்கும், யாரும் தொடுவதில்லை. கடைந்த பாகங்களுக்கு அது சரி. ஐஎஸ்ஓ 4288 தரப்படி, சீரான உளித்தடம் இல்லாத முகங்களில், ஆர்ஏ 0.1-க்கு மேல் 2 வரை 0.8, 2-க்கு மேல் 10 வரை 2.5, 10-க்கு மேல் 80 வரை 8 மில்லிமீட்டர் கட்-ஆஃப் வைக்க வேண்டும். 2021-இல் ஐஎஸ்ஓ 21920 வந்து பழைய தரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், வரைபடங்களில் பழைய வழக்கமே ஓடுகிறது. 12 மைக்ரான் சொரசொரப்புள்ள முகத்தை 0.8-இல் அளந்தால், நீண்ட அலைகளைக் கருவி வடிகட்டித் தள்ளிவிட்டு, குறைந்த எண்ணைக் காட்டும். ஒரே பாகத்துக்கு அச்சிட்டவர் ஓர் எண்ணும் வாங்கியவர் வேறோர் எண்ணும் சொல்லிச் சண்டை போடுவதில் பாதி, இந்த ஒரு பொத்தானால் வருவது. அடுக்குகளுக்குக் குறுக்காக, அதாவது பாகம் வளர்ந்த திசையில், ஊசியை ஓட்டுங்கள். அடுக்கோடு ஒட்டி ஓட்டினால் படிகள் கண்ணில் படாமலே போய்விடும். ஒட்டிய மணியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் இடுக்கு எந்த ஊசிக்கும் எட்டாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் கைலென்ஸ்.

இனி உங்கள் பிளாஸ்டிங்கில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மணிகள் உதிர்ந்தன, மேடுகள் தட்டையாயின. அதனால் 6 மைக்ரான் வந்தது. அதற்கு மேல் எவ்வளவு நேரம் அடித்தாலும் பெரிதாக இறங்காது. ஏனென்றால் பிளாஸ்டிங் மேட்டைத் தட்டுமே ஒழியப் பள்ளத்தை நிரப்பாது. உதிராத மணிகளைச் சுவரோடு சேர்த்து அறைந்து மூடிவிடுவதும் உண்டு. பார்வைக்கு மழுங்கலாக, ஒரே சீராக இருக்கும், அடியில் இடுக்கு அப்படியே கிடக்கும். துரு வந்ததற்குக் காரணம் உங்கள் 316 எல் அல்ல. சாதாரண இரும்புப் பாகங்களை அடிக்கும் அதே கூண்டில், அதே குண்டுகளால் அடித்திருப்பார்கள். இரும்புத் துணுக்குகள் ஸ்டெயின்லெஸ் முகத்தில் பதிந்து, நம் ஊரில் மழை நாள் ஈரம் பட்டதும் துருப்பிடித்திருக்கும். பாசிவேஷன் செய்தால், அதாவது சிட்ரிக் அமிலத்திலோ நைட்ரிக் அமிலத்திலோ பாகத்தை ஊறவைத்துக் கழுவினால், பதிந்த இரும்பு கரைந்துபோகும். இந்தப் பிளாக்கைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை கண்ணாடி மணியோ, வேறு உலோகம் படாத புதிய அலுமினா மணலோ, ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய கூண்டில் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கூண்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தரத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. அலுமினியப் பாகங்களையும் இரும்புப் பாகங்களையும் ஒரே பிளாஸ்டிங் கூண்டில் மாறிமாறி அடிக்கக் கூடாது. அலுமினியத் தூசியும் துருத் தூசியும் கலந்து ஒரு பொறி பட்டால், தண்டவாளத்தைப் பற்றவைக்கும் தெர்மிட் கலவையின் அதே எரிப்பு நடக்கும். டைட்டானியத் தூசியும் அலுமினியத் தூசியும் காற்றில் பறந்தாலே வெடிக்கக் கூடியவை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். காய்ந்த மணலோ, உலோகத் தீக்கான டி வகை அணைப்பானோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிங்குக்கு அடுத்து நம் பக்கம் கிடைக்கக்கூடியது அதிர்வுத் தொட்டி. மலையில் உடைந்த கல்லைத் தாமிரபரணி உருட்டி உருட்டிக் கூழாங்கல் ஆக்குவதைத்தான் இந்தத் தொட்டியும் செய்கிறது. பீங்கான் கற்களோடும் சோப்பு நீரோடும் பாகத்தைப் போட்டு மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் அதிரவிடுகிறார்கள். கூழாங்கல்லில் முனை இருக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. வெளிமூலைகள் முதலில் தேயும், உட்குழிவுகள் கடைசியில் தேயும், உட்பாதை தேயவே தேயாது. கூர்விளிம்பு தேவையில்லாத சிறு பாகங்களை நூற்றுக்கணக்கில் சீராக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எலக்ட்ரோ பாலிஷிங்குக்கு 316 எல் நன்றாகவே ஒத்துழைக்கும். பாஸ்பாரிக் அமிலமும் சல்ஃபூரிக் அமிலமும் கலந்த சூடான குளியலில் பாகத்தை நேர்மின்முனையாகக் கட்டித் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள் முதலில் கரையும். ஒட்டிய மணிகளை எடுக்க இது கைகண்ட வழி. ஆனால் இது நுண்ணிய சொரசொரப்பை எடுக்கும், நீண்ட அலையை எடுக்காது. படிக்கட்டு பளபளப்பான படிக்கட்டாக மாறும், அவ்வளவுதான். அதோடு ஒரு கணக்கும் உண்டு. ஆர்ஏ 10 என்றால் மேட்டிலிருந்து பள்ளம் வரையிலான ஆர்இசட் பெரும்பாலும் 60, 70 மைக்ரானுக்குக் குறையாது. பள்ளத்தின் அடியைத் தொட வேண்டுமானால் முகம் முழுவதும் அந்த அளவு உலோகம் கரைய வேண்டும். அந்த அளவைக் கணினியில் வரையும்போதே கூட்டி வரையாவிட்டால், பளபளப்பான, ஆனால் அளவு குறைந்த பாகம் கையில் மிஞ்சும்.

அலுமினியத்தில் இதே வழியை நம்பிப் போகாதீர்கள். அச்சிடுவதற்குப் பரவலாகப் பயன்படும் அலுமினியக் கலவையில் 10 விழுக்காடு அளவுக்குச் சிலிக்கான் இருக்கிறது. அலுமினியம் கரையும், சிலிக்கான் கரையாது. கரிப்பூச்சுபோல ஒரு படலம் முகத்தில் நின்றுவிடும். மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றும் அனோடைஸ் செய்தாலும் வெள்ளி நிறம் வராது, அடர் சாம்பலாகத்தான் வரும். டைட்டானியத்தை ரசாயனத்தில் கரைக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரோஃபுளூரிக் தோலில் பட்டவுடன் வலி தெரியாமலே உள்ளே இறங்கி எலும்பு வரை போகக்கூடியது; கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. அதற்கென்று இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

லேசரால் மேற்பரப்பை மறுபடி உருக்கிச் சமப்படுத்தும் முறையும் இருக்கிறது. 10 மைக்ரானை 1 மைக்ரான் பக்கம் கொண்டுவர முடியும் என்றாலும், கதிர் நேராகப் படும் முகத்துக்கு மட்டுமே அது உதவும், மேல்தோலில் இழுவிசைத் தகைவையும், அதாவது உள்ளேயே தங்கிவிடும் இழுப்பையும், விட்டுச்செல்லும். உங்கள் பிளாக்குக்கு அது தேவையில்லை.

உங்களுக்குக் கைவந்த மெஷினிங்கையே பெரிதும் நம்புங்கள். ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்து எழுந்த குழி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டைட்டானியம் பிராக்கெட் எங்கள் பட்டறைக்கு வந்தது. அச்சிட்டவர் மெஷினிங்குக்கென்று 0.3 மில்லிமீட்டர் மட்டும் விட்டிருந்தார். பிடிமானம் சரிபார்த்து, மெதுவாகச் சீவி, ஆர்ஏ 0.8-க்குக் கொண்டுவந்தோம், முகம் பார்க்கலாம்போல இருந்தது. கண்ணுக்குத் தெரியாத துளைகளையும் விரிசல்களையும் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிய ஐந்தாவது நிமிடத்தில், விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில், தையல் போட்டதுபோல வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் கசிந்து வந்தன. வெளிக்கோட்டை ஓட்டும் லேசர் தடமும் உள்ளே நிரப்பும் தடமும் சந்திக்கும் இடத்தில், தோலுக்குச் சற்று அடியில், நுண்துளைகள் வரிசையாக நிற்பது இந்த முறையின் பழகிய குறை. நாங்கள் மிகச் சரியாக அந்த ஆழத்துக்குச் சீவி, அது வரை மூடிக்கிடந்த துளைகளைத் திறந்துவிட்டிருந்தோம். பாகம் கழிவுக்குப் போனது. அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: தோலை மட்டும் தொடுவதானால் 0.1 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட வேண்டும். சீவுவதானால் துளை வரிசையைத் தாண்டி, 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் விட்டு அச்சிடச் சொல்லிச் சீவ வேண்டும். இடையில் நிற்பதுதான் ஆபத்து.

பிடிமானத்தையும் அச்சிடும்போதே யோசிக்க வேண்டும். அச்சிட்ட முகம் எதுவும் நம்பகமான ஆதார முகம் அல்ல. வைஸில் பிடிக்க இரண்டு தட்டையான திட்டுகளையும், மையம் எடுக்க ஒரு துளையையும் கூடுதலாகச் சேர்த்து அச்சிட்டு, கடைசியில் வெட்டி எறிந்துவிடலாம். தூளில் கூடும் சில கிராம் செலவு, ஃபிக்ஸ்சருக்கு ஆகும் செலவின் முன் ஒன்றுமில்லை.

திரும்பத் திரும்ப விசை ஏறி இறங்கும் பாகமானால் சொரசொரப்பு அழகு சம்பந்தப்பட்டதாக இருக்காது, ஆயுள் சம்பந்தப்பட்டதாகிவிடும். ஒவ்வொரு பள்ளமும் விரிசல் பிறக்கும் தொட்டில். உள்துளைகளை மூட வெப்பமும் அழுத்தமும் சேர்த்துக் கொடுக்கும் ஹிப் முறையைச் செய்துவிட்டு, மேற்பரப்பை அப்படியே விட்டால், களைப்பு வலிமையில் எதிர்பார்த்த முன்னேற்றம் வராது. விரிசல் உள்ளிருந்து பிறக்காமல் வெளியிலிருந்து பிறக்கும். மாறாக, எலும்போடு சேர வேண்டிய உள்வைப்புகளில் சொரசொரப்பு வேண்டுமென்றே விடப்படுகிறது, எலும்பு பற்றி வளர்வதற்காக. எல்லா முகமும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது பழக்கத்தால் வந்த ஆசை.

இப்போது உங்கள் உட்பாதைகளுக்கு வருவோம். உண்மையில் உங்கள் கேள்வியின் கடினமான பகுதி இதுதான். நம் மாவட்டத்திலேயே, மகேந்திரகிரியில், இஸ்ரோ 2024 மே 9 அன்று முப்பரிமாண அச்சில் உருவாக்கிய பிஎஸ்4 எஞ்சினை 665 விநாடிகள் எரித்துச் சோதித்தது. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்துக்கான அந்த எஞ்சினில், 14 பாகங்கள் ஒரே பாகமாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் இல்லாமல் போயின. 565 கிலோ மூலப்பொருள் செலவான இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானதாக இருந்தது. கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது, பெருமைதான். ஆனால் நம்மைப் போன்ற ஃபினிஷிங் ஆட்கள் இதில் வேறொன்றையும் பார்க்க வேண்டும். பல துண்டுகளாக இருக்கும்போது, சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றின் உட்புறத்தையும் கருவியால் தொட முடியும். ஒன்றாகப் பிறந்த பாகத்தின் உட்புறத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அச்சிடுவதற்கு முன்பே உட்பாதையின் வடிவத்தையும், அதைச் சுத்தம் செய்யும் வழியையும் தீர்மானித்திருக்க வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் பாதைக்குள் 1.6 கேட்பது எதற்காக என்று முதலில் விசாரியுங்கள். அழுத்த இழப்பு குறைய வேண்டும் என்று சொன்னால், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இயங்கும் சூட்டில் 46 சென்டிஸ்டோக்ஸ் பிசுபிசுப்புள்ள எண்ணெய், 6 மில்லிமீட்டர் பாதையில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஓட்டம் சாந்தமா கொந்தளிப்பா என்று காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் சுமார் 650. கொந்தளிப்பு தொடங்கும் 2300-க்கு வெகு கீழே, சாந்தமாக அடுக்கடுக்காக ஓடும் ஓட்டம் அது. அத்தகைய ஓட்டத்தில் சுவரின் இந்த அளவுச் சொரசொரப்பு அழுத்த இழப்பை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. உண்மையான ஆபத்து வேறு. சுவரில் கழுத்தளவில் ஒட்டியிருக்கும் 15 முதல் 45 மைக்ரான் மணிகள், எண்ணெயின் துடிப்பில் என்றைக்காவது ஒருநாள் கழன்று, வால்வுக்குள் சில மைக்ரான் இடைவெளியில் நகரும் ஸ்பூல் என்ற உருளையின் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஆகவே உட்பாதைக்கு நீங்கள் உறுதி சொல்ல வேண்டியது ஆர்ஏ எண்ணை அல்ல, மணி உதிராத சுவரை. இதை வாடிக்கையாளரின் வடிவமைப்பாளரிடம் பொறுமையாகச் சொன்னால், மூலையில் இருக்கும் அந்த ஒற்றை வரியை அவரே மாற்றி எழுதுவார்.

மணிகளை எடுக்க, உராய்வுப் பசையை அழுத்திச் செலுத்தும் முறை பொருத்தமானது. பரோட்டாவுக்குப் பிசைந்த மாவைப் போல இழுபடும் பாலிமர் பசையில் சிலிக்கான் கார்பைடு மணலைக் கலந்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே பாகத்தைப் பூட்டி, ஒருபுறமிருந்து மறுபுறமும், மறுபுறமிருந்து இப்புறமுமாகப் பாதைக்குள் தள்ளுவார்கள். சுவரை அது எல்லாப் பக்கமும் சேர்த்துத் தேய்க்கும். ஆனால் பசைக்கு ஒரு குணம் உண்டு: எந்த வழி எளிதோ அந்த வழியே போகும். உங்கள் 8 மில்லிமீட்டர் பாதையும் 6 மில்லிமீட்டர் பாதையும் உள்ளே சேருகின்றன என்றால், இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் 8 அகன்றுகொண்டே போகும், 6 அப்படியே கிடக்கும். ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றைச் செய்ய வேண்டும். நுழைவாயிலில் விளிம்பு புனல்போல உருண்டுவிடும் என்பதால், வாயில் முகத்தில் 2 மில்லிமீட்டராவது கூடுதலாக விட்டு, பசை வேலை முடிந்தபின் அதைச் சீவிவிட வேண்டும். எலக்ட்ரோ பாலிஷிங் உட்பாதைக்கு ஆகாதா என்று கேட்பீர்கள். பாதைக்குள் எதிர்முனைக் கம்பி சுவரைத் தொடாமல் நடுவில் ஓட வேண்டும். வளைந்த பாதையில் அது எளிதல்ல.

அடுத்த பிளாக்கை வரையும்போது படுக்கைவாட்டில் ஓடும் பாதைகளுக்கு வட்ட வடிவத்தை விட்டு, கூரைப் பக்கம் கூம்பிய நீர்த்துளி வடிவத்தைக் கேளுங்கள். 8 மில்லிமீட்டர் வரை வட்டமே முட்டு இல்லாமல் நிற்கும் என்றாலும், கூரையில் கசடு தொங்கும். நீர்த்துளியில் கூரை இரண்டு சரிவாகப் பிரிவதால் அந்தக் கசடு வெகுவாகக் குறையும்.

வேலைகளின் வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தகைவு நீக்கும் வெப்பப் பதத்துக்குப் போகும் முன்பே, பாதைக்குள் கிடக்கும் தளர்ந்த தூளை முழுவதும் தட்டி, அதிர்வு கொடுத்து, காற்றடித்து வெளியேற்றிவிட வேண்டும். இதை அச்சிடுகிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தூளோடு சூளைக்குள் போன பாகத்தில் அது கட்டிபிடித்துப் பாறையாகிவிடும், பிறகு எந்தப் பசையும் அதைத் துளைக்காது. வெப்பப் பதம், அச்சிட்ட தட்டிலிருந்து வயர் கட்டில் (மின்பொறிக் கம்பியால்) அறுத்தல், முட்டு உடைத்தல், உட்பாதைக்குப் பசை, வெளிமுகத்துக்குக் கண்ணாடி மணி, பிறகு கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் முகங்களும் மரைத் துளைகளும் மெஷினிங், கடைசியில் பாசிவேஷன். ஓ-ரிங் முகங்களுக்கு மட்டும் ஆர்ஏ 1.6 போதும், வாயு என்றால் 0.8 கேட்கலாம், அதை உங்கள் மில்லிங் மெஷினே கொடுத்துவிடும். வெளிமுகம் 6 மைக்ரானிலேயே இருக்கட்டும், அதை யாரும் தொடப்போவதில்லை.

எல்லாம் முடிந்ததும், வடிகட்டிய சுத்தமான எண்ணெயைப் பாதைகள் வழியே இருபுறமும் மாற்றி மாற்றி அழுத்திச் செலுத்தி, வெளியேறும் எண்ணெயை வெள்ளை வடிதாளில் பிடியுங்கள். தாளைக் காயவைத்து அதே பத்து மடங்கு கைலென்ஸை மேலே வையுங்கள். வெள்ளியாக மின்னும் ஓர் உருண்டை தெரிந்தாலும் மறுபடி பசைக்கு அனுப்புங்கள். மூன்று தாள்கள் அடுத்தடுத்துச் சுத்தமாக வந்தால், வாயில்களுக்கு உடனே பிளக் போட்டு மூடி, அந்த மூன்று தாள்களையும் ஒரு கவரில் இட்டுப் பிளாக்கோடு சேர்த்து அனுப்புங்கள்.